முள், சருகு, பட்ட கிளை: தருமபுரி, கிருஷ்ணகிரி வீட்டுத் தோட்டத்தில் பறவைகளுக்கு இடம் அமைப்பது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மனை வாங்கி வீடு கட்டுவோர் செய்யும் முதல் வேலை, நிலத்திலுள்ள முட்செடிகள் அனைத்தையும் ஜேசிபி வைத்து வழித்தெடுப்பதுதான். வீடு முடிந்தபின் புல்தரை விரிக்கிறார்கள். நாற்றுப்பண்ணையில் பசுமையாகத் தெரிந்த ஏதோ ஒரு வெளிநாட்டுச் செடியைச் சுவரோரம் வரிசையாக நடுகிறார்கள். பிறகு குருவிகள் வருவதில்லையே என்று தீனிக்கூடு வாங்கித் தொங்கவிடுகிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. பறவைக்கு முதலில் வேண்டியது ஒளிந்துகொள்ள இடம், அடுத்து தண்ணீர், அதற்கடுத்து பூச்சியும் பழமும். நாம் கையால் வைக்கும் தீனி கடைசியாக வருவது, இல்லாவிட்டாலும் பெரிய குறையில்லை. எனவே இந்த வழிகாட்டியில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி எவற்றை அகற்றாமல் விடவேண்டும் என்பதைப் பற்றியதாகவே இருக்கும்.

இரு மாவட்டங்களின் பெரும்பகுதி செம்மண்ணும் சரளையும் கரட்டுப் பாறையும் கலந்த நிலம். ஆண்டு மழை ஏறத்தாழ 800 முதல் 900 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஆவணி முதல் ஐப்பசி வரையில் பெய்து முடிந்துவிடும். இந்த நிலத்துக்கு இயல்பான தாவரக் கூட்டம் முட்புதர்க் காடு. சின்னான், தவிட்டுக்குருவி, கருஞ்சிட்டு, செம்போத்து, கவுதாரி, தையல்சிட்டு ஆகியவை அந்தப் புதர்க்காட்டுக்குப் பழகிய பறவைகள். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூர், தளி பகுதிகளில் வெயில் சற்றுக் குறைவு என்பதால் செடி பிடிப்பது எளிது. அரூர், ஊத்தங்கரை, காவேரிப்பட்டணம் பக்கம் கோடை கடுமையாக இருக்கும் என்பதால் முதல் இரண்டு கோடைகளில் தண்ணீர் ஊற்றுவதற்கு ஆள் வேண்டும். மற்றபடி கீழே சொல்லும் முறைகள் இரண்டு பகுதிகளுக்கும் பொருந்தும்.

நடுவதற்கு முன் பார்க்கவேண்டியவை

மனையில் ஏற்கெனவே நிற்கும் செடிகொடிகளை ஒரு முறை பொறுமையாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளவும். சுவரோரம் தானாக முளைத்த கோவைக்கொடி, மூலையில் நிற்கும் எருக்கு, வேலியில் படர்ந்த பிரண்டை, பறவை எச்சத்திலிருந்து முளைத்த வேப்பங்கன்று ஆகிய இவை நான்கும் காசு கொடுக்காமல் கிடைத்த தொடக்கம். கோவைப்பழத்தைக் கிளியும் குயிலும் சின்னானும் கொத்தும்; எருக்கம்பூவுக்குத் தேன்சிட்டு வரும். இவற்றைக் களையென்று பிடுங்கிவிட்டு, அதே பறவைகளுக்காகக் கடையில் செடி வாங்குவதில் பொருளில்லை.

அகற்றவேண்டியவையும் உண்டு. பார்த்தீனியம் இருந்தால் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்கவேண்டும். சீமைக்கருவேலம் சிறு கன்றாக இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது. உண்ணிச்செடி சற்றுச் சிக்கலானது. அதன் கருநீலப் பழங்களைச் சின்னான்கள் விரும்பித் தின்று விதையைத் தொலைவுக்குக் கொண்டுசெல்கின்றன. மேலகிரி மலைக்காடுகள் உட்பட நம் காடுகளில் அது அடர்ந்து பரவியதில் பறவைகளுக்கும் பங்குண்டு. எனவே புதிதாக அழகுக்கென்று அதை நடக்கூடாது. ஆனால் மனையில் ஏற்கெனவே பெரும்புதராக வளர்ந்திருந்தால் ஒரே நாளில் வெட்டிச் சாய்க்கவேண்டாம். அதில் கூடுகள் இருக்கக்கூடும். மழைக்காலத்தில் பக்கத்திலேயே நாட்டுப் புதர்ச்செடிகளை நட்டு, அவை இடுப்பளவு வளர்ந்தபின், கார்த்திகை வாக்கில் உண்ணிச்செடியைப் பகுதி பகுதியாக எடுத்துவிடலாம்.

உயிர்வேலி

தோட்டத்தில் ஒரே ஒரு வேலைதான் செய்யமுடியும் என்று ஒருவர் சொன்னால், அவருக்கு நான் சொல்வது உயிர்வேலி போடச்சொல்லித்தான். ஒரு காலத்தில் நம் பக்கத்துக் கொல்லைகளின் எல்லையெங்கும் முள்ளும் கொடியும் பின்னிய வேலிகள் இருந்தன. இன்று கருங்கல் தூண் நட்டுக் கம்பி இழுப்பதும் ஹாலோ பிளாக் சுவர் எழுப்புவதும் எளிதாகிவிட்டதால் அந்த வேலிகள் வெட்டப்பட்டுவிட்டன. வீட்டுப் பறவைகள் குறைந்ததற்குக் கைபேசிக் கோபுரத்தைக் குறைசொல்லும் பலரும் தம் எல்லையில் வெட்டிப்போட்ட வேலியை மறந்துவிடுகிறார்கள்.

சுவரோ கம்பியோ இருந்தாலும் அதன் உட்புறத்தில் உயிர்வேலி அமைக்கலாம். நான்கடி அகலம் ஒதுக்கமுடிந்தால் சிறப்பு; மூன்றடி கிடைத்தாலும் போதும். இரண்டு வரிசையாக, வரிசைக்கு வரிசை இரண்டடியும் செடிக்குச் செடி ஒன்றரை முதல் இரண்டடியும் விட்டு, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே மறு வரிசையின் செடி வரும்படி நடவும். வெளி வரிசைக்கு முட்செடிகள்: சங்கஞ்செடி, காரை, சூரை, களா. இவை நான்கும் வறட்சி தாங்குபவை. நான்கிலும் பறவைகள் தின்னும் சிறு பழங்கள் உண்டு. முள்ளுக்குள் கட்டிய கூட்டைப் பூனையும் காகமும் எளிதில் நெருங்கமுடியாது என்பதால்தான் சின்னான்கள் இத்தகைய புதர்களைத் தேடுகின்றன. உள் வரிசைக்கு நொச்சி, ஆடாதோடை, செம்பருத்தி, மருதாணி, ஆவாரை போன்ற முள்ளில்லாத செடிகள். நொச்சியையும் ஆடாதோடையையும் ஆடுமாடுகள் மேய்வதில்லை என்பதால் ஊர்ப்புறத்தில் தெருவை ஒட்டிய பக்கத்துக்கு இவற்றையே வைக்கலாம். ஆடாதோடையின் வெள்ளைப்பூவுக்கு ஊதாத் தேன்சிட்டு வந்துகொண்டேயிருக்கும்.

நொச்சியும் ஆடாதோடையும் போத்து வைத்தாலே பிடிக்கும். கட்டைவிரல் பருமனுள்ள குச்சியை ஒன்றரையடி நீளத்துக்கு வெட்டி, பாதி மண்ணுக்குள் போகும்படி, நல்ல மழை பெய்த மறுநாள் ஊன்றவும். சங்கஞ்செடி, காரை, சூரை ஆகியவை பொதுவாக நாற்றுப்பண்ணைகளில் விற்பனைக்கு வருவதில்லை. வாங்கப் போனால் பூச்செடியைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இவற்றைப் பழமாகச் சேகரிப்பதே வழி. ஏரிக்கரை, வண்டிப்பாதையோரம், கரட்டு அடிவாரம் ஆகிய இடங்களில் பழுத்த பழங்களைப் பறித்து, சதையைத் தண்ணீரில் கசக்கிக் கழுவி, விதையை நிழலில் உலர்த்தி, சாணமும் மணலும் கலந்த மண்ணில் பைகளில் ஊன்றவேண்டும். காப்புக்காட்டுக்குள் சென்று பறிக்கக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. சூரையின் விதை ஓடு கெட்டியானது என்பதால் முளைக்க நாளாகும். பைகளைப் பொறுமையாக ஈரமாக வைத்திருக்கவேண்டும்.

முப்பதுக்கு நாற்பது அடி மனையில் வீடே பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். அங்கே நான்கு பக்கமும் வேலி போட இடமிருக்காது. பின்சுவரை ஒட்டி மட்டும் ஒரு புதர்வரிசை வைத்து, மற்றச் சுவர்களில் கம்பிவலை கட்டிக் கோவை, பிரண்டை, முசுமுசுக்கை ஆகிய கொடிகளைப் படரவிட்டால் போதும். தொடர்ந்து ஒரே திட்டாக இருக்கும் அடர்த்திதான் முக்கியம். இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தொட்டியில் வைத்த பத்துச் செடிகளைவிட, ஒரு மூலையில் நெருக்கமாக வளர்ந்த ஐந்து செடிகளுக்கே தையல்சிட்டு வரும்.

வேலியை வெட்டும் காலத்தைக் கவனிக்கவேண்டும். சின்னான், மைனா, தேன்சிட்டு போன்றவை பெரும்பாலும் தை கடைசி முதல் ஆடி வரை குஞ்சு பொரிப்பவை. தூக்கணாங்குருவியும் சில்லையும் மழைக்காலத்தில் கூடுகட்டுபவை. ஆகவே கத்தரிக்கும் வேலையைக் கார்த்திகை, மார்கழி மாதங்களுக்கு ஒத்திவைத்து, அப்போதும் வெட்டுவதற்கு முன் உள்ளே கூடு இருக்கிறதா என்று பார்த்து, ஓராண்டு ஒரு பாதி, மறு ஆண்டு மறு பாதி என்று வெட்டவும். ஐந்து முதல் ஆறடி உயரத்தில் நிறுத்தினால் அடிப்பகுதியும் அடர்த்தியாக இருக்கும்.

மரங்கள்

மரம் தேர்ந்தெடுக்கும்போது ஆண்டின் எந்த மாதத்தில் எது பழுக்கும் அல்லது பூக்கும் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. இலந்தை மார்கழி முதல் மாசி வரை. கல்யாண முருங்கை மாசியிலும் பங்குனியிலும் பூக்கும். வேம்பும் நாவலும் ஆனி, ஆடியில் பழுக்கும். கொய்யாவும் பப்பாளியும் இடைவெளிகளை நிரப்பும். வேப்பம்பழம் உதிரும் நாட்களில் குயில், மைனா, சின்னான், காகம் எல்லாம் ஒரே மரத்தில் கூடியிருப்பதைப் பார்க்கலாம். வேறு எதற்கும் இடமில்லாத மனையில் ஒரு வேப்பமரம் போதும் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆல், அரசு, அத்தி ஆகியவற்றின் பழங்களுக்கு ஈடாகப் பறவைகளுக்கு வேறெதுவும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அவற்றின் வேர் சுவரையும் கழிவுநீர்த் தொட்டியையும் பிளந்துவிடும். வீட்டிலிருந்து முப்பது, நாற்பது அடி தள்ளி நடமுடியாதவர்கள் ஆலமரத்தை மனையில் வைக்கவேண்டாம். கோயில் திடலிலோ ஏரிக்கரையிலோ ஊராரிடம் கேட்டு ஒரு போத்து நட்டுவிட்டால் அதில் உட்காரும் குக்குறுவானும் பச்சைப்புறாவும் உங்கள் தோட்டத்துக்கும் வந்துபோகும்.

சிறிய மனைக்கு ஏற்ற, பலர் கவனிக்காத மரம் கறிவேப்பிலை. பறித்துப் பறித்து அதைப் பூக்கவே விடாமல் வைத்திருக்கிறோம். வேரிலிருந்து பக்கக்கன்றுகள் வந்துகொண்டேயிருக்கும் என்பதால், ஒன்றைச் சமையலுக்கும் மற்றொன்றைப் பறவைக்கும் என்று பிரித்து, இரண்டாவதில் கைவைக்காமல் விட்டால் கறுத்துப் பழுக்கும் சிறு பழங்களுக்குக் குயிலும் சின்னானும் தவறாமல் வரும். சிங்கப்பூர் செர்ரி என்று விற்கும், சிலர் தேன்பழம் என்று சொல்லும் மரம் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. விரைவாக வளர்ந்து ஆண்டு முழுவதும் பழுப்பதால் பறவைகள் மொய்க்கும். நாட்டு மரங்கள் வளரும்வரை இடைக்கால ஏற்பாடாக ஒன்றை வைத்துக்கொள்ளலாம். தோட்டம் முழுவதும் அதுவே என்று ஆகிவிடக்கூடாது.

கன்று நடுவதற்கான குழியைச் சித்திரை, வைகாசியிலேயே இரண்டடி நீள அகல ஆழத்துக்கு எடுத்து வெயிலில் காயவிடவும். சரளைப் பகுதியில் கடப்பாரையால் அடியை இளக்காமல் நட்டால் வேர் சுருண்டு, மூன்றாம் ஆண்டில் கன்றின் வளர்ச்சி நின்றுவிடும். மேல்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பி, ஆடி, ஆவணியில் இரண்டு மழை பெய்தபின் நடவும். முதல் கோடையில் கன்றின் பக்கத்தில் அடியில் சிறு துளையிட்ட மண்பானையைப் புதைத்துத் துளையில் திரி செருகித் தண்ணீர் நிரப்பிவைத்தால், வாரத்துக்கு இரண்டு முறை நிரப்பினாலே கன்று தாங்கும்.

தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் வட்டாரங்களில் காட்டையொட்டி வாழ்வோருக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். வாழை, பலா, கரும்பு ஆகியவற்றை வீட்டையொட்டி வளர்க்கவேண்டாம். கேழ்வரகு அறுவடைக் காலத்தில் யானைகள் கொல்லைகளுக்கு இறங்கி வரும் பகுதி இது; தேன்சிட்டுக்காக வைத்த வாழை யானையை வாசலுக்கு அழைத்துவந்துவிடும். அங்கே முட்புதரும் வேம்பும் நொச்சியும் போதும்.

புல்லுருவியை என்ன செய்வது?

மாந்தோப்பு உள்ள கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இந்தக் கேள்வி கட்டாயம் எழும். மாங்கிளைகளில் ஒட்டி வளரும் புல்லுருவியின் குழல் பூக்களில் தேன்சிட்டும் பூங்கொத்தியும் தேன் குடிக்கும். பழத்தைப் பூங்கொத்தி விழுங்கும். கட்டைவிரல் அளவேயுள்ள, மண்நிறம் பூசிய அந்தச் சிறு பறவையைக் கவனித்துப் பாருங்கள். பழத்தை விழுங்கிய சிறிது நேரத்தில் பசைபோல் ஒட்டும் விதை வெளியே வரும். அது எளிதில் விழாது என்பதால் பறவை கிளையில் பின்புறத்தைத் தேய்த்துத் தேய்த்து விதையைக் கிளையிலேயே ஒட்டிவிட்டுப் பறந்துவிடும். அடுத்த புல்லுருவி அந்த இடத்தில்தான் முளைக்கும்.

விளைச்சலுக்காக வைத்திருக்கும் மாமரத்தில் புல்லுருவி பெருகினால் கிளை நலிந்துபோகும் என்பதால், ஒட்டிய இடத்துக்கு ஓரடி கீழே கிளையோடு வெட்டி எடுப்பதே முறை. ஆனால் எல்லையில் நிற்கும் பழைய புளிய மரத்திலோ வேம்பிலோ ஒன்றிரண்டு கொத்துகள் இருந்தால் விட்டுவைக்கலாம். பெரிய மரம் அதைத் தாங்கிக்கொள்ளும். ஒரு கொத்தும் இல்லாமல் அழித்தே தீரவேண்டும் என்று நிற்பவர்கள், பூங்கொத்தி வரவில்லை என்று பிறகு வருந்தக்கூடாது.

சருகும் பட்ட கிளையும்

நாள்தோறும் விளக்குமாற்றால் பெருக்கிச் சருகைக் கொளுத்தும் பழக்கத்தை விடுவதுதான் பலருக்கும் கடினமாக இருக்கிறது. வாசலைப் பெருக்குவது வேறு, மரத்தடியைப் பெருக்குவது வேறு. புதர்களுக்கும் மரங்களுக்கும் அடியில் நான்கு விரல் கனத்துக்குச் சருகு கிடக்கட்டும். உலகில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் வெண்தலைத் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து, ஒவ்வொரு சருகாக அலகால் புரட்டித் தள்ளி, அடியிலுள்ள கறையானையும் வண்டையும் பொறுக்கும். கூட்டத்தில் ஒன்று மட்டும் சற்று உயரத்தில் உட்கார்ந்து காவல் பார்க்கும். புரட்டாசி, ஐப்பசியில் வடக்கிலிருந்து வலசை வரும் ஆறுமணிக்குருவி இறங்குவதும் இப்படிச் சருகு கிடக்கும் நிழலான தரையில்தான்.

சருகு என்றதும் பாம்பு பயம் வரும். அது நியாயமான பயம். வீட்டு வாசல், குழந்தைகள் விளையாடும் இடம், குளியலறைப் பக்கம் ஆகியவற்றிலிருந்து பத்துப் பதினைந்து அடி வரை தரையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும். சருகும் புதரும் அதற்கு அப்பால் இருக்கட்டும். புதரடியில் வேலை செய்யும்போது வெறுங்கையை விடாமல் குச்சியாலோ வாரியாலோ கிளறவும். இரவில் டார்ச் இல்லாமல் நடக்கவேண்டாம். பாம்பை இழுப்பதில் சருகைவிட எலிக்கே பங்கு அதிகம். எலியை இழுப்பது சிதறிக்கிடக்கும் தானியமும் எச்சில் சோறும். இவற்றை மாலையில் அள்ளிவிட்டால் பாதிப் பயம் தீரும்.

அடுத்தது பட்ட கிளை. முருங்கை, கல்யாண முருங்கை, பூவரசு ஆகியவற்றில் காய்ந்து நிற்கும் கிளையைக் கண்டவுடன் விறகுக்கு வெட்டிவிடுகிறோம். செம்மார்புக் குக்குறுவான் கூடு குடைவது அத்தகைய மென்மையான பட்ட கிளையில்தான். கிளையின் அடிப்புறத்தில், மழை உள்ளே இறங்காதபடி, வட்டமாகத் துளைத்துக்கொண்டு போகும். வேலை நடக்கும்போது மரத்தடியில் மரத்தூள் சிந்திக்கிடப்பதை வைத்தே அதைக் கண்டுபிடிக்கலாம். கைவிடப்பட்ட பொந்துகள் மற்றப் பறவைகளுக்கு உதவும். பெரிய பொந்துகளில் மைனாவும் கிளியும் புள்ளி ஆந்தையும் குடியேறும். மின்கம்பியின் மேலோ வீட்டுக் கூரையின் மேலோ விழக்கூடிய கிளையை மட்டும் வெட்டி, மற்றவற்றை நிற்கவிடவும். வெட்டிய கிளைகளையும் எரிக்காமல் ஒரு மூலையில் குவித்துவைத்தால் கருஞ்சிட்டு அதன்மேல் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும்.

வெயில் படும் இடத்தில் இரண்டு மூன்றடி அளவுக்குப் புல்லில்லாத பொடிமண் திட்டு ஒன்று இருக்கட்டும். சிட்டுக்குருவிகள் அதில் புரண்டு மண்குளியல் செய்யும்.

தண்ணீர்

மாசி முதல் வைகாசி வரை தண்ணீர் வைப்பது தீனி வைப்பதைவிடப் பலமடங்கு பயனுள்ளது. குயவரிடம் கிடைக்கும் அகலமான மண்தட்டு இதற்குச் சிறந்தது. ஆழம் ஓரத்தில் அரை அங்குலம், நடுவில் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பழைய ஆட்டுக்கல்லையோ கல்தொட்டியையோ பயன்படுத்தினால், பாதிக்குமேல் கூழாங்கல் நிரப்பிவிடவும்; ஆழமான தொட்டியில் குஞ்சுகள் மூழ்கிவிடும். நம் பக்கம் எளிதில் கிடைக்கும் கிரானைட் துண்டைப் பயன்படுத்துவோர் மெருகேற்றிய பக்கத்தைக் கீழே வைத்துச் சொரசொரப்பான பக்கத்தை மேலே வைக்கவேண்டும். வழுக்கும் தரையில் பறவை இறங்காது.

ஒரு தட்டைத் தரையிலும் மற்றொன்றை நான்கைந்தடி உயரத்திலும் வைக்கவும். நிழல் வேண்டும், ஆனால் அடர்ந்த புதருக்குள் வேண்டாம், ஏனெனில் நனைந்த இறக்கையோடு உள்ள பறவையைப் பூனை பாய்ந்து பிடித்துவிடும். புதரிலிருந்து ஆறு முதல் எட்டடி தள்ளி, மேலே ஒரு கிளை தாழ்ந்திருக்கும் இடம் பொருத்தமானது. தண்ணீரைத் தினமும் கொட்டிப் புதிதாக நிரப்பவும். வாரத்துக்கு ஒரு முறையாவது தேங்காய்நாரால் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைக்கவும். டெங்கு பரப்பும் கொசு, முட்டையிலிருந்து முழுவளர்ச்சி அடைய வெயில் காலத்தில் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரைதான் ஆகும். தேய்த்துக் கழுவாமல் மேலே மேலே ஊற்றிவருவதால் பாத்திரச் சுவரில் ஒட்டிய முட்டைகள் அப்படியே இருக்கும்.

தீனியும் தேனும்

தானியம் வைக்க விரும்புவோர் கம்பு, சாமை, தினை, உடைந்த அரிசி ஆகியவற்றைக் காலையில் ஒரு கைப்பிடி அளவு, ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோகும்படி வைத்தால் போதும். உப்பு சேர்ந்த தின்பண்டங்களும் ரொட்டியும் வேண்டாம். அறுத்த கதிரைக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிடும் பழைய வழக்கம் இதைவிட நல்லது. குருவி மட்டுமே தொங்கிக்கொண்டு கொத்தும், மாடப்புறாக்களால் அதில் உட்காரமுடியாது. தட்டில் தானியம் வைத்து மாடப்புறாக் கூட்டம் சேர்ந்துவிட்டால், சில வாரங்கள் அடியோடு நிறுத்திவிடுவதே வழி.

தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கவேண்டாம். நம் வெயிலில் அது அன்றே புளித்துவிடும். செம்பருத்தி, வெட்சி, ஆடாதோடை, மாதுளை இருந்தால் தேனுக்குக் குறைவிருக்காது. செம்பருத்தியில் அடுக்குப்பூ வகையை விட்டு ஒற்றையடுக்குப் பூவையே நடவும்; இதழ்கள் அடைத்துக்கொள்ளாத பூவில்தான் அலகு எளிதில் நுழையும். பழங்களில் உங்கள் பங்கைக் காக்க நைலான் வலை போர்த்தவேண்டாம், பறவைகளும் பாம்புகளும் அதில் சிக்கிச் சாகும். வேண்டிய கொய்யாக்களுக்கு மட்டும் காகித உறையோ துணிப்பையோ கட்டி, உச்சிக்கிளையில் இருப்பவற்றை விட்டுவிடவும்.

மருந்தடிப்பு

தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்கு முதல் நாட்களில் புழுவையும் பூச்சியையும்தான் ஊட்டுகிறது. தோட்டத்தில் புழுவே இல்லாமல் மருந்தடித்துவிட்டுக் குருவிக்கூடு மாட்டுவது வீண். அவரைப்பந்தலில் அசுவினி தெரிந்தவுடன் பம்பை எடுக்கவேண்டாம். தையல்சிட்டுக்கும் மாம்பழச்சிட்டுக்கும் சில நாள் வாய்ப்புக் கொடுங்கள். முருங்கையில் கம்பளிப்பூச்சி திரண்டால் செம்போத்தும் சுடலைக்குயிலும் அதைத் தின்னும். வீட்டினுள் வரும் அளவுக்குப் பெருகினால் மட்டும் அடிமரத்தில் கூடியிருக்கும் நேரத்தில் வாரி எடுத்துவிடலாம். மருந்து தேவையே என்றால் வேப்பங்கொட்டைச் சாறு போதும்: உடைத்த பருப்பு 50 கிராமைத் துணியில் முடிந்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, பிழிந்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கவும்.

எலிமருந்து வைப்பதை முற்றிலும் விடவேண்டும். மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை. தள்ளாடித் திரியும் அதைக் கூகையோ புள்ளி ஆந்தையோ எளிதில் பிடித்துத் தின்று, தானும் சாகும். பொறிவைத்துப் பிடிப்பது நல்லது; ஒட்டும் அட்டை வேண்டாம், அதில் பல்லியும் குருவியும் சேர்ந்தே மாட்டும்.

கூடுகள்

சிட்டுக்குருவிக்கு மட்டும் கூடு செய்து வைப்பதில் பயனுண்டு, ஏனெனில் ஓட்டு வீட்டின் இடுக்குகளை நாம் கான்கிரீட் போட்டு அடைத்துவிட்டோம். மரப்பலகையால் ஆறு அங்குல நீள அகலமும் எட்டு அங்குல உயரமும் கொண்ட பெட்டி செய்து, மேற்பகுதியில் ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குல விட்டமுள்ள துளை இடவும். துளை பெரிதானால் மைனா நுழைந்துவிடும். தகரமும் பிளாஸ்டிக்கும் கோடையில் கொதிக்கும். எட்டு முதல் பத்தடி உயரத்தில், மேற்கு வெயில் படாத தாழ்வாரத்தில், மின்விசிறியிலிருந்து விலகி மாட்டவும். குஞ்சுகள் பறந்தபின் பழைய வைக்கோலை எடுத்துவிட்டுக் காயவைத்தால் அடுத்த முறைக்குத் தயார்.

தையல்சிட்டுக்கும் தேன்சிட்டுக்கும் பெட்டி தேவையில்லை. தையல்சிட்டு கொய்யா, கத்தரி, செம்பருத்தி போன்றவற்றின் அகன்ற இலைகளைச் சிலந்திநூலாலும் பஞ்சாலும் தைத்துக்கொள்ளும். ஊதாப்பிட்டத் தேன்சிட்டு தாழ்வாரத்துக் கம்பியிலேயே தொங்குகூடு கட்டும். இரண்டுக்கும் சிலந்திவலை வேண்டும் என்பதால், வெளிச்சுவரின் மூலைகளில் ஒட்டடை அடிப்பதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். கொல்லையில் திறந்த கிணறு இருந்து, அதன்மேல் சாய்ந்த பனையோ ஈச்சமோ முள்மரமோ இருந்தால் அதை வெட்டாதீர்கள்; தூக்கணாங்குருவி தேடுவது அப்படி நீருக்குமேல் தொங்கும் கிளையைத்தான். சுற்றியுள்ள உயரமான புல்லையும் ஆடி, ஆவணியில் அறுக்காமல் விட்டால் நார் கிழிக்க அதற்கு வசதியாகும்.

பெரிய கண்ணாடிச் சன்னல் உள்ள வீடுகளில் பறவைகள் மோதி இறக்கின்றன. கண்ணாடியின் வெளிப்புறத்தில் இரண்டு அங்குல இடைவெளியில் கோடுகளோ புள்ளிகளோ ஒட்டினால் இது பெரிதும் குறையும். நடுவில் ஒரே ஒரு கழுகுப் படம் ஒட்டுவதால் பயனில்லை. வண்டியின் பக்கக் கண்ணாடியில் தன் உருவத்தோடு கருஞ்சிட்டு சண்டையிட்டுக்கொண்டிருந்தால் கண்ணாடிக்கு ஒரு துணிப்பை மாட்டிவிட்டால் போதும்.

வைகாசி வாக்கில் தரையில் தத்தித்தத்தி நடக்கும் குஞ்சுகளைக் காண நேரும். இறகு முளைத்த குஞ்சாக இருந்தால் அது பறக்கப் பழகிக்கொண்டிருக்கிறது. தாய் அருகிலேயே இருக்கும். நாயையும் பூனையையும் தள்ளி நிறுத்திவிட்டு, தேவைப்பட்டால் பக்கத்துப் புதரின் தாழ்ந்த கிளையில் ஏற்றிவிட்டு விலகிவிடவும். இறகு முளைக்காத குஞ்சாக இருந்தால் கூட்டைத் தேடி அதில் திரும்ப வைக்கலாம். மனிதக் கை பட்டதால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையன்று. வீட்டுக்குள் எடுத்துவந்து பாலும் சோறும் ஊட்டவேண்டாம். கிளிக்குஞ்சு என்றால் கூண்டில் வளர்க்கலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்கவேண்டாம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். காயம்பட்ட ஆந்தையோ பருந்தோ கிடைத்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லவும்.